‘கேன்சல்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது?

கேன்சலுக்குத் தமிழ் என்ன என்று கேட்டால், பெரும்பாலோர் யோசிக்காமல் ‘ரத்து’ என்பார்கள். தவறில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லோடு நின்றுவிட்டால், இதே வேலையைச் செய்ய நம்மிடம் இருக்கும் நல்ல சொற்கள் பல பேச்சிலிருந்து நழுவிவிடும். எனக்கு அது பெரிய இழப்பாகப் படுகிறது.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்த்துவிடலாம். லத்தீனில் ‘கான்கெல்லி’ என்றால் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டம் வைத்துச் செய்த கிராதி. எழுதிய ஒன்று இனிச் செல்லாது என்று காட்ட, அதன் மேல் கிராதி போலக் கோடுகளைக் கிழித்தார்கள். அந்தச் செயலுக்கு ‘கான்கெல்லாரே’ என்று பெயர். பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் அதே பொருள்தான்: கோடு போட்டு அடிப்பது. பயணத்தை, கூட்டத்தை, ஆர்டரை ‘கேன்சல்’ செய்வதெல்லாம் பிறகு கிளைத்த பொருள்கள்.

அதே கிராதியிலிருந்து இன்னொரு சொல்லும் பிறந்தது. ரோமானிய நீதிமன்றத்தில் கிராதித் தடுப்பின் அருகே நின்ற ஊழியர் ‘கான்கெல்லாரியுஸ்’. அந்தச் சிறிய பதவி காலப்போக்கில் உயர்ந்து ‘சான்சலர்’ ஆனது. ஜெர்மனியின் அரசாங்கத் தலைவரும், நாம் வேந்தர் என்று அழைக்கும் பல்கலைக்கழகத் தலைவரும் இந்த வகையில் ‘கேன்சலுக்கு’ உறவினர்கள்.

பொருளின் வேர் வரை போனால், தமிழில் இதற்கு மிக நெருங்கிய சொல் ‘அடி’தான். விண்ணப்பங்களில் ‘அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதவும்’ என்று போட்டிருப்பார்களே, அந்த அடித்தல். “பட்டியலிலிருந்து அவர் பேரை அடிச்சுட்டாங்க” என்கிறோம். பின்னத்தில் மேலும் கீழும் 3 இருந்தால், “ரெண்டையும் அடிச்சிடு” என்கிறார் கணக்கு ஆசிரியர். கையில் பேனா பிடித்தவர் செய்கிற செயலே இரண்டு மொழியிலும் பெயராகியிருக்கிறது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று வந்ததல்ல என்பதால் இந்த ஒற்றுமை எனக்கு மிகவும் பிடிக்கும்.

அஞ்சல் துறையிலும் அந்தப் பழைய பொருள் அப்படியே இருக்கிறது. பிரிட்டன் 1840இல் முதல் அஞ்சல்தலையை வெளியிட்டபோது, ஒரு தலையை இருமுறை பயன்படுத்தாமலிருக்க அதன் மேல் சிவப்பு மையில் சிலுவை வடிவ முத்திரை குத்தினார்கள். கறுப்புத் தலையில் சிவப்பு மை சரியாகத் தெரியவில்லை, அழிக்கவும் எளிதாக இருந்தது. அடுத்த ஆண்டே தலையைச் சிவப்பாக்கி, மையைக் கறுப்பாக்கிவிட்டார்கள். இந்த இடத்தில் தமிழில் ‘முத்திரை குத்துவது’ என்றால் போதும். ரத்து என்றால் வேறு எதையோ சொல்வதுபோல் ஆகிவிடும்.

‘ரத்து’ அரபியில் பிறந்த சொல். திருப்புதல், மறுத்தல் என்பவை அதன் மூலப் பொருள். பாரசீகம், உருது வழியாக நிர்வாகத் தமிழில் வந்து உட்கார்ந்தது. ரகரம் சொல்லின் முதலில் வராது என்ற மரபை ஒட்டி இலங்கையில் ‘இரத்து’ என்று எழுதுவார்கள். ரத்து செய், ரத்தாகு என இரண்டு பக்கமும் வளைவது இதன் பெரிய வசதி. உரிமம், ஆணை, ஒப்பந்தம் போன்றவற்றுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் தேட வேண்டியதில்லை. வேற்றுமொழி வேர் என்பதற்காகவே இதை விரட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் மழையில் நின்றுபோன ஆட்டம் ‘கைவிடப்பட்டது’. கடனும் மனுவும் ‘தள்ளுபடி’ ஆகின்றன. முறைகேடு நடந்த தேர்தல் ‘செல்லாது’. வேறு தேதிக்குப் போன கூட்டம் ‘ஒத்திவைக்கப்பட்டது’. அதைக் கேன்சல் என்று சொல்வது ஆங்கிலத்திலும் பிழைதான். முதலாம் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பட்டம். சுங்க வரியை நீக்கியதைக் குறிக்க அன்று ‘தவிர்’ போதுமானதாக இருந்தது. இன்று அந்தச் சொல் விலகிப்போவது என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. இரைச்சலைக் கேன்சல் செய்யும் ஹெட்போனுக்கோ ‘அடக்கு’ நன்றாகப் பொருந்துகிறது: எதிர் அலையை அனுப்பி வெளிச் சத்தத்தை அடக்குகிறது. ஒருவரை ஊர்கூடிக் ‘கேன்சல்’ செய்வதாக இணையத்தில் பேசுகிறார்களே, அதற்கு ‘ஒதுக்கிவைப்பது’ என்ற பழைய சொல்லே சரி.

பேச்சில் இன்னும் எளிது. “டாக்ஸியைக் கேன்சல் பண்ணிட்டேன்” என்பதற்கு “டாக்ஸி வேண்டாம்னு சொல்லிட்டேன்”. “ட்ரிப் கேன்சல்” என்பதற்கு “நாங்க போகலை”. இவற்றில் யார் முடிவு எடுத்தார்கள் என்பதும் சேர்ந்தே வந்துவிடுகிறது. ‘ரத்து செய்யப்பட்டது’ என்ற அறிவிப்பில் அது எப்போதும் மறைந்துவிடும்.

சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் மிக அதிகம் தேவைப்படும் இடம் செயலிகளின் பொத்தான்கள். “ஆர்டரை ரத்து செய்யவா?” என்று திரை கேட்கிறது. கீழே இரண்டு பொத்தான்கள்: ‘ரத்துசெய்’, ‘சரி’. முதலாவதை அழுத்தினால் ஆர்டர் போகுமா, அல்லது இந்தக் கேள்வி மட்டும் மூடுமா? ஆங்கிலத் திரையிலேயே இருக்கும் குழப்பம் மொழிபெயர்ப்பில் அப்படியே இறங்கிவிடுகிறது. மொழிபெயர்ப்பவர்கள் ஒரு பொத்தானில் ‘ஆமாம், ரத்து செய்’ என்றும், மற்றதில் ‘வேண்டாம், இருக்கட்டும்’ என்றும் எழுதினால், அவசரத்தில் அழுத்துகிறவருக்கும் எது எதற்கு என்று தெரியும்.