குரங்குத் தொல்லை: சட்டம் எதை அனுமதிக்கிறது, யாரைக் கூப்பிடுவது

பேராக் மாநிலத்தில் சித்தியவான், ஆயர் தாவார் பக்கம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்குக் குரங்குத் தொல்லையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வாழைத்தார் போகும், அடுப்படியில் ரொட்டி போகும். கோபத்தில் "சுட்டுத் தள்ளினால் என்ன?" என்று கேட்பவர்களும் உண்டு. கூடாது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, தீபகற்ப மலேசியாவில் கெரா (நீண்ட வால் குரங்கு), பெரோக் (பன்றிவால் குரங்கு), லோத்தோங் (இலை தின்னும் குரங்கு) மூன்றுமே பாதுகாக்கப்பட்ட விலங்குகள். லைசென்ஸ் இல்லாமல் வேட்டையாடுவது, பிடிப்பது, வளர்ப்பது எல்லாம் குற்றம். தாயை இழந்த குட்டி என்று இரக்கப்பட்டு வீட்டில் கட்டி வளர்த்தாலும் அதே கதைதான். சுருக்குக் கம்பி வைக்கவும் தடை இருக்கிறது. 2023 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, இந்தச் சட்டத்தின் உச்சத் தண்டனை 10 லட்சம் ரிங்கிட் அபராதம், 15 ஆண்டு சிறை வரை போகிறது. உங்கா (கிப்பன் என்னும் வாலில்லாக் குரங்கு) போன்ற முழுப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளவற்றைத் தொட்டால் பிடி இன்னும் இறுகும்.

ஊரெல்லாம் திரிகிற கெராவுக்கு எதற்குப் பாதுகாப்பு என்று தோன்றலாம். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2022இல் கெரா, பெரோக் இரண்டையுமே அழியும் ஆபத்தில் உள்ளவை என்று அறிவித்தது. காடு குறையக் குறைய அவை ஊர் ஓரத்தில் வந்து சேர்கின்றன. அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் நாம் "பெருகிவிட்டது" என்கிறோம்.

பெரோக் விஷயத்தில் தோட்டக்காரர்கள் அவசரப்படக் கூடாது. இதே மஞ்சோங் மாவட்டத்தில், செகாரி காட்டை ஒட்டிய செம்பனைத் தோட்டத்தில் நடந்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. ஒரு பெரோக் கூட்டம் ஆண்டுக்குச் சுமார் 3,000 எலிகளைத் தின்கிறதாம். அது தின்னும் செம்பனைப் பழம் விளைச்சலில் ஒரு விழுக்காடுகூட இல்லை. எலி செய்யும் சேதமோ பத்து விழுக்காடு வரை போகும். எலி மருந்துக்குச் செலவழிக்கும் நிர்வாகங்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

சரி, தொல்லை தாங்கவில்லை என்றால்? பெர்ஹிலித்தான், அதாவது வனவிலங்குத் துறையிடம் புகார் கொடுங்கள். எண் 1-800-88-5151. எந்த இடம், எந்த நேரம், எத்தனை குரங்கு, என்ன சேதம் என்று சொல்லி, முடிந்தால் படமும் அனுப்புங்கள். பொறி வைப்பதா வேண்டாமா என்பது அதிகாரிகள் முடிவு. நீங்களே கூண்டு செய்து பிடிக்காதீர்கள். ஆனால் ஒன்று, குப்பைத் தொட்டி திறந்தே கிடந்தால் ஒரு கூட்டத்தைப் பிடித்துப் போனாலும் அடுத்த கூட்டம் வந்துவிடும். குப்பை அள்ளாத புகார் நகராண்மைக் கழகத்துக்குப் போக வேண்டியது. அதை விட்டுவிட்டுக் குரங்கை மட்டும் திட்டிப் பயனில்லை. சனிக்கிழமை அனுமார் பெயரைச் சொல்லி ரோட்டோரம் வாழைப்பழம் போடுகிறவர்களையும் சொல்ல வேண்டும். கையில் இருப்பதைப் பிடுங்கும் பழக்கம் எப்படி வருகிறது என்று பத்துமலைப் படிகளில் ஏறியவர்களுக்குத் தெரியும்.

கடித்துவிட்டால் சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே கிளினிக்குக்குப் போங்கள். காட்டு விலங்கு தாக்கியவர்களுக்கென்று ஓர் உதவி நிதி இருக்கிறது. அதற்கும் பெர்ஹிலித்தானிடம்தான் கேட்க வேண்டும். மருத்துவச் சீட்டு, ரசீது, போலீஸ் புகார் நகல் எதையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். சபா, சரவாக்கில் சட்டமும் துறையும் வேறு. அங்குள்ள உறவினர்களுக்கு இந்த எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள்.