உடம்பெல்லாம் உரியும்போது

படுக்கை விரிப்பை உதறினால் தவிடு மாதிரி செதில் கொட்டுகிறது. தொட்டால் தோல் சுடுகிறது, ஆனால் நோயாளியோ கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்குகிறார். உடம்பின் தோலில் ஏறக்குறைய 90 சதவீதமோ அதற்கு மேலோ இப்படி அழன்றுவிட்டால் அதை எரித்ரோடெர்மா என்பார்கள். மாநிறத் தோலில் சிவப்பு பளிச்சென்று தெரியாது. கருத்துப்போனது போலத்தான் இருக்கும், அதனால் பலர் தாமதமாக வருகிறார்கள்.

நடுக்கம் ஏன்? தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்து, உள்ளிருக்கும் சூட்டை வெளியே விட்டுக்கொண்டே இருக்கின்றன. நீர் கசிகிறது, செதிலோடு புரதமும் போகிறது. தோலுக்கே அதிக ரத்தம் தள்ளவேண்டி வருவதால் இதயம் திணறலாம். ஆஸ்பத்திரியில் சேர்த்தே பார்க்கவேண்டிய அவசரம் இது.

சரி, காரணம்? பெரும்பாலும் முன்பே இருந்த சொரியாசிஸோ (வெள்ளிச் செதில் படியும் தோல் நோய்) எக்ஸிமாவோ (அரிப்போடு வரும் தோல் அழற்சி) பெருகி உடம்பை மூடியிருக்கும். சொரியாசிஸ் உள்ளவர் ஸ்டீராய்டு மாத்திரையைத் தானாகவே வாங்கிப் போட்டு, கொஞ்சம் தேறியதும் சட்டென்று நிறுத்துவார். நோய் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பும். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான், ஏனென்றால் இது தவிர்க்கக்கூடியது. அடுத்தது மருந்து ஒவ்வாமை: வலிப்புக்கான கார்பமாசெபைன், ஃபெனிடோயின், யூரிக் அமிலத்துக்கான அலோப்யூரினால் போன்றவை. இந்த ஒவ்வாமையில் ஒரு வகை, மருந்து தொடங்கி 2 முதல் 8 வாரம் கழித்துக் காய்ச்சல், முகவீக்கம், ஈரல் பாதிப்போடு வரும். அரிதாக, டி செல் என்னும் ரத்த வெள்ளணுக்கள் தோலில் தங்கி உண்டாக்கும் புற்றுநோயும் காரணமாகலாம்.

வெள்ளம் வந்தபின் எது குளம், எது வயல் என்று தெரியாது. தோலும் அப்படித்தான், எந்த நோயானாலும் ஒரே மாதிரி தெரியும். அதனால் டாக்டர் ஓரங்களில் தேடுகிறார். நகத்தில் ஊசியால் குத்தியது போன்ற குழிகள் இருந்தால் சொரியாசிஸ் நினைவுக்கு வரும். விரலிடுக்கில் தடித்த பொருக்கு இருந்தால் கடுஞ்சிரங்காக இருக்கலாம். சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் பூச்சியே நெளியும். அப்புறம் பயாப்ஸி, அதாவது தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது. ஒரே இடத்தில் எடுத்தால் போதாது, இரண்டு மூன்று இடங்களில் எடுப்பார்கள். விடை தெளியாவிட்டால் சில மாதம் கழித்து மறுபடியும் எடுப்பார்கள். ரத்தத்தில் ஈஸினோஃபில் (ஒவ்வாமையில் பெருகும் ஒரு வகை வெள்ளணு) கூடியிருக்கிறதா, புற்றுச்செல்கள் சுற்றுகின்றனவா என்றும் பார்ப்பார்கள்.

இத்தனைக்கும் நடுவே பெரிய உதவி நோயாளியின் பையிலிருந்தே வரலாம்: கடந்த சில மாதங்களில் சாப்பிட்ட மாத்திரை அட்டைகள், நாட்டு மருந்துப் பொட்டலம் உட்பட. செல்போனில் பழைய போட்டோ ஒன்று, முழங்கையில் வெள்ளிச் செதிலோடு ஒரு சின்னத் திட்டு மட்டும் இருந்த நாளில் எடுத்தது, கிடைத்தால் இன்னும் நல்லது.