தயவுசெய்து டிராக்டரில் கட்டி இழுக்காதீர்கள்

மாதத்துக்கு ஒன்றாவது வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. வாய்க்கால் கரையில் சாய்ந்து கிடக்கும் கார், சுற்றிலும் ஐம்பது பேர், பின்னால் டிராக்டர், இரண்டுக்கும் நடுவே இரும்புச் சங்கிலி. "இழுறா, இழுறா" என்று ஒரு குரல். கீழே கைகூப்பும் படங்கள். முன்சீட்டில் முழங்காலுக்கு மேல் டேஷ்போர்டு அழுத்தியபடி கிடந்த ஆளுக்கு அந்த ஒரு இழுப்பில் என்ன ஆனது என்பதை மட்டும் எந்த வீடியோவும் காட்டுவதில்லை.

உதவிக்கு ஓடிவருவதில் நம் டெல்டாக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. சம்பா அறுவடை நேரத்தில் தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை பக்கம் எந்த ரோட்டில் நின்று கூப்பிட்டாலும் கொஞ்ச நேரத்தில் ஒரு டிராக்டரோ ஜேசிபியோ வந்து நின்றுவிடும். தொல்லையே அதுதான். கைக்கெட்டும் தூரத்தில் இத்தனை குதிரைத்திறன் இருக்கும்போது, தீயணைப்பு வண்டிக்காகக் காத்திருக்க யாருக்கும் பொறுமை வருவதில்லை.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். தீயணைப்பு மீட்புக்காரர்களான நாங்கள் வண்டியிலிருந்து ஆளை எடுப்பதில்லை. ஆளின் மேலிருந்து வண்டியை எடுக்கிறோம். கேட்பதற்கு வார்த்தை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் எங்கள் வண்டியில் உள்ள ஒவ்வொரு கருவியும் இதற்காகச் செய்யப்பட்டதுதான். மோதிய காரில் தகடு உள்பக்கமாக மடங்கியிருக்கும். பிரேக் பெடல் கணுக்காலைக் கவ்வியிருக்கும், டேஷ்போர்டு தொடையை அழுத்தியிருக்கும், ஸ்டியரிங் நெஞ்சை ஒட்டியிருக்கும். இந்த நிலையில் காரைப் பின்னால் இழுத்தால் கார் நகரும், உள்ளே இருப்பவரின் உடலும் நகரும், பெடலில் மாட்டிய கால் மட்டும் நகராது. அல்லது ஆளை அக்குளில் கைகொடுத்து நாலு பேர் இழுப்பார்கள். கழுத்தெலும்பில் ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தால் அந்த இழுப்பில் தண்டுவடம் போய்விடும். பிழைத்த ஆள், ஆனால் இனி நடக்கமாட்டார். இதை விபத்தின் கணக்கில் எழுதிக்கொள்கிறோம்.

ஸ்டியரிங்கில் சங்கிலி கட்டி இழுப்பது இன்னும் மோசம். உண்மையைச் சொன்னால், ஒரு காலத்தில் மீட்புக்காரர்களே அப்படித்தான் செய்தார்கள். பழைய வண்டிகளில் ஸ்டியரிங் தண்டு ஒரே நீளக் கம்பியாக இருந்தது. இப்போதைய கார்களில் அது நடுவில் மூட்டு வைத்தது. முன்பக்கமாக இழுத்தால் மூட்டில் மடிந்து, மேல்பாதி ஓட்டுநரின் பக்கமே திரும்பும். உடைந்தால் எங்கே தெறிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. பல இடங்களில் கைவிட்ட முறையை நாம் இன்னும் விடவில்லை.

விதிவிலக்கு உண்டா? உண்டு. வண்டி தீப்பிடித்தால், தண்ணீரில் மூழ்கினால், உள்ளே இருப்பவருக்கு மூச்சு நின்றுவிட்டால் எப்படியாவது வெளியே இழுங்கள். கழுத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்று: நினைவோடு இருக்கிறார், எதிலும் சிக்கவில்லை, தானே இறங்க முடிகிறது என்றால் இறங்க விடுங்கள். தானே மெதுவாக இறங்குபவரின் கழுத்து, நாலு பேர் தூக்கி இறக்கும் கழுத்தைவிடக் குறைவாகவே அசைகிறது. இந்த இரண்டிலும் சேராதவரைத் தொடாமல் இருப்பதே உதவி. ஒருவர் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளாலும் அவர் தலையை இரு பக்கமும் பிடித்து, அசையாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கட்டும். தண்ணீர் கொடுக்காதீர்கள். ஆபரேஷன் தேவைப்படலாம்.

சரி, நாங்கள் வந்துவிட்டோம். அடுத்த சத்தம்: "கட்டர் வச்சிருக்காங்க, வெட்டாம கட்டையை அடுக்கிட்டு நிக்கிறாங்க பாரு!"

ஆமாம், கட்டையைத்தான் முதலில் அடுக்குவோம். சக்கரத்தின் மேல் நிற்கும் கார் ஸ்பிரிங்கில் ஆடிக்கொண்டே இருக்கும். அதன் கதவை விரிக்கும்போது காரே எழும்பி இறங்கும். உள்ளே உடைந்த தொடையும் கூடவே எழும்பி இறங்கும். அதனால் நாலு பக்கமும் படிக்கட்டு வடிவ முட்டுக்கட்டையைச் சொருகி, டயர் காற்றை இறக்கி, வண்டியின் எடையைக் கட்டைமேல் உட்கார வைக்கிறோம். நம் ஊர்க் கரைகளில் இதற்கே பாதி நேரம் போகும். ஜூனில் மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் கரை மண் ஊறிக் களியாகிவிடும். முட்டுக்கட்டை அதில் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கும். அடியில் ஒரு அடி அகலப் பலகை போட்டு, அதன்மேல்தான் கட்டை வைக்க வேண்டும். பக்கத்து வீட்டில் சென்ட்ரிங் பலகை இருந்தால் நாலு எடுத்துவந்து கொடுங்கள், புண்ணியமாகப் போகும்.

டிராக்டருக்கும் இங்கே ஒரு நல்ல வேலை இருக்கிறது. சரிவில் தொங்கும் காரை மேலும் சரியாமல் பிடித்து நிறுத்த ஒரு நங்கூரம் வேண்டும். கரைமேல் டிராக்டரை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, கயிற்றை விறைப்பாகக் கட்டினால் போதும். பிடிப்பது டிராக்டர் வேலை, இழுப்பது அல்ல.

அடுத்து பேட்டரி. அதற்கு முன்பே பவர் விண்டோவை இறக்கி, மோட்டார் சீட் என்றால் பின்னுக்குத் தள்ளிவிடுவோம். பேட்டரியைக் கழற்றிய பிறகு அதெல்லாம் அசையாது. முதலில் நெகட்டிவ் கம்பி, பிறகு பாசிட்டிவ். அதன் பிறகும் ஏர்பேக் கருவியில் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கும். வெடிக்காத ஏர்பேக் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம் என்றே வைத்துக்கொண்டு, பக்கவாட்டு ஏர்பேக்கிலிருந்து 12 செ.மீ., ஸ்டியரிங்கிலிருந்து 25 செ.மீ., முன்பக்கப் பயணி பக்கம் 50 செ.மீ. தள்ளியே தலையும் கையும் இருக்க வேண்டும். ஜன்னல் வழியாகத் தலையை விட்டு வீடியோ எடுப்பவர்கள் இந்த அளவை மனதில் வைப்பது நல்லது. 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான எந்தக் காரிலும் ஓட்டுநர் பக்கம் ஒரு ஏர்பேக்காவது இருக்கும். மேல்விளிம்பிலிருந்து ஜன்னலை மறைத்து விரியும் திரை ஏர்பேக் உள்ள வண்டியில், கூரைத் தூணுக்குள்ளோ கூரை ஓரத்திலோ அழுத்த வாயு நிரப்பிய சிறு குழல் ஒளிந்திருக்கும். வெட்டுவதற்கு முன் உள்பக்கப் பிளாஸ்டிக்கைப் பெயர்த்துப் பார்க்காமல் கட்டரை வைத்தால் அந்தக் குழலையே வெட்டிவிடுவோம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது 'சும்மா நோண்டிக்கொண்டிருப்பது'.

இனி கருவி. ஹைட்ராலிக் எண்ணெயை சுமார் 700 பார் அழுத்தத்தில் தள்ளி வேலை செய்பவை இவை. உங்கள் கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப்போலக் கிட்டத்தட்ட 300 மடங்கு. கட்டர் வெட்டும், ஸ்ப்ரெட்டர் விரிக்கும், ராம் நீண்டு தள்ளும். வெட்டுவது, விரிப்பது இரண்டையும் ஓரளவு செய்யும் காம்பி கருவியும் உண்டு. ஒன்றொன்றும் 15 முதல் 20 கிலோ எடை; இடுப்புக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டே வேலை.

மூடிய கதவில் ஸ்ப்ரெட்டர் நுனி நுழைய இடம் இருக்காது. ஜன்னல் சட்டத்தை மேலிருந்து கீழாக நெருக்கியோ, முன் மட்கார்டை நசுக்கியோ ஒரு வாய் திறக்க வேண்டும். பிறகு பூட்டுக் கொக்கிக்கு மேலே நுனியை வைத்து, கதவு ஆளைவிட்டு வெளிப்பக்கமாகப் போகும்படி விரிக்க வேண்டும். தகடு கிழிய ஆரம்பித்தால் நிறுத்தி, நுனியை இன்னும் ஆழமாக வைத்து மறுபடி. கிழிந்த தகட்டையே விரித்துக்கொண்டிருந்தால் கதவு காகிதமாகும், கொக்கி விடாது. டேஷ்போர்டை நகர்த்த வேறு கணக்கு: முன் கண்ணாடி ஓரத்து முன்தூணின் மேலும் அடியிலும் சட்டத்தின் பிடியை விடுவிக்கும் தளர்வு வெட்டுப் போட்டுவிட்டு, முன் கதவுக்கும் பின் கதவுக்கும் இடையிலான நடுத்தூணின் அடியில் ராமை ஊன்றி முன்பக்கம் தள்ள வேண்டும். தளர்வு வெட்டு இல்லாமல் ராமை நீட்டினால் டேஷ்போர்டு நகராது, ஊன்றிய தகடுதான் குழியும். பெடலில் சிக்கிய காலுக்குச் சில நேரம் எந்தக் கருவியும் வேண்டாம். வெட்டிய சீட் பெல்ட்டின் ஒரு நுனியைப் பெடலிலும் மறு நுனியைக் கதவுச் சட்டத்திலும் கட்டி, கதவை அகலத் திறந்தால் பெடல் பக்கவாட்டில் வளைந்து கால் விடுபடும்.

கட்டருக்கு இரும்பெல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பதும் தப்பு. இப்போதைய கார்களின் நடுத்தூணில் போரான் கலந்த அதிவலு எஃகு வருகிறது. பத்துப் பதினைந்து வருடப் பழைய கட்டர் அதன்மேல் வழுக்கித் திரும்பும். இரும்பை அலகின் நுனியில் கொடுக்காமல் அடித்தொண்டை வரை கொடுத்து, நேர்க்கோணத்தில் பிடிக்க வேண்டும். கருவி கையில் முறுக்க ஆரம்பித்தால் உடனே நிறுத்த வேண்டும். அலகுகள் பக்கவாட்டில் பிரிந்தால் முறிந்து தெறிக்கும். பத்தடி தள்ளி நிற்கச் சொல்லி நாங்கள் கத்துவது அதிகாரம் காட்ட இல்லை.

பட்டறையிலிருந்து கேஸ் கட்டிங் செட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் தம்பிகளே, உங்கள் நல்ல மனதுக்கு நன்றி, அதை வண்டியிலேயே வையுங்கள். சிந்திய பெட்ரோல், உள்ளே சுடும் தகட்டை ஒட்டிய தோல், வெடிக்காத ஏர்பேக் குழல், இப்போது நிறையக் கார்களின் டிக்கியில் 200 பார் அழுத்தத்தில் சி.என்.ஜி. சிலிண்டர். நெருப்பு வேண்டவே வேண்டாம். கிரைண்டரும் அப்படித்தான்.

லாரி கேபினில் மணிக்கணக்கில் தொடை நசுங்கியிருந்தால், இரும்பைத் தூக்குவதற்கு முன்பே 108 ஊழியரிடம் சொல்லிச் சலைன் ஏற்ற வேண்டும். விடுபட்டதும் நசுங்கிய தசையிலிருந்து பொட்டாசியம் ரத்தத்தில் இறங்கி இதயத்தை நிறுத்திவிடக்கூடும். அதனால்தான் "எடுக்க ரெடி, ஏன் எடுக்கல?" என்ற கேள்விக்குச் சில நேரம் நாங்கள் பதில் சொல்வதில்லை.

சக ஊழியர்களுக்கு ஒரு வரி. ஹைட்ராலிக் கருவிகளுக்கு எண்ணெய் தள்ளும் இன்ஜின் பம்பில் மாதக்கணக்கில் கிடக்கும் பெட்ரோல், எத்தனால் கலந்தது, தண்ணீரை உறிஞ்சிக் கார்புரேட்டரைப் பிசினாக்கும். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டுங்கள். ஓஸில் எண்ணெய் கசிகிறதா என்று கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசித் துளை வழியாக வரும் எண்ணெய் தோலுக்குள் இறங்கினால் விரலையே எடுக்க வேண்டிவரும். இணைப்பு மூடியைச் சேற்றில் போட்டுவிட்டு அப்படியே மாட்டும் பழக்கத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

நம் பகுதிக்கே உரிய இன்னொன்று, தண்ணீர். புது ஆறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று எந்த ஆற்றங்கரை ரோட்டிலும் தடுப்புச் சுவர் இல்லாத வளைவு ஒன்றாவது இருக்கிறது. கார் தண்ணீரில் விழுந்தால் எங்கள் கட்டர் வந்து சேர நேரம் கிடையாது. கார் கொஞ்ச நேரம்தான் மிதக்கும். ஒரு நிமிடம்கூடக் கிடைக்காமல் போகலாம். போன் எடுக்காதீர்கள். பெல்ட்டைக் கழற்று, ஜன்னலை இறக்கு, பிள்ளைகளை முதலில் வெளியே தள்ளு, பிறகு நீ. கதவைத் திறக்க முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். வெளியே நீரின் அழுத்தம் அதை விடாது.

ஜன்னல் இறங்கவில்லையா? இங்கேதான் அந்தப் புகழ்பெற்ற வாட்ஸ்அப் புரளி: "சீட் ஹெட்ரெஸ்ட்டைக் கண்ணாடி உடைக்கத்தான் கொடுத்திருக்கிறார்கள்." இல்லை. பின்னாலிருந்து மோதினால் கழுத்து ஒடியாமல் இருக்கத்தான் அது. இருட்டில், மார்பளவுத் தண்ணீரில், அதைப் பிடுங்கி நுனியைக் கண்ணாடி இடுக்கில் சொருகிப் பார்க்க உங்களுக்கு அவகாசம் இருக்காது. ஸ்பிரிங் வைத்த கண்ணாடி உடைப்பானும் பெல்ட் வெட்டும் அலகும் சேர்ந்த சின்னக் கருவி கடையில் கிடைக்கிறது. டேஷ்போர்டு பெட்டிக்குள் பூட்டிவைக்காமல், பெல்ட் போட்ட நிலையில் கை எட்டும் இடத்தில் மாட்டுங்கள். பக்கக் கண்ணாடியின் கீழ்மூலையில் அழுத்துங்கள், நடுவில் அல்ல. முன் கண்ணாடியில் முயலாதீர்கள். அது இரண்டு கண்ணாடிக்கு நடுவே படலம் வைத்து ஒட்டியது, விரிசல் விடும், வழி விடாது. சில புதிய கார்களில் பக்கக் கண்ணாடியும் அப்படித்தான் வருகிறது. மூலையில் இருக்கும் சிறு எழுத்தை இன்றைக்கே படித்து, எந்தக் கண்ணாடி உடையும் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

உதவியவரைப் போலீஸ் அலைக்கழிக்கும் என்ற பயத்தில் போன் செய்யாமல் போகாதீர்கள். 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தில் உதவியவரைப் பாதுகாக்கிறது. பெயர் சொல்லக்கூட நீங்கள் கட்டாயப்படுத்தப்பட மாட்டீர்கள்.

101-ஐயும் 108-ஐயும் தனித்தனியாகக் கூப்பிடுங்கள், அல்லது 112. வெறுமனே 'ஆக்சிடன்ட்' என்று சொல்லி வைத்துவிடாமல், ஆள் சிக்கியிருக்கிறார் என்ற வார்த்தையைச் சொல்லுங்கள். அப்போதுதான் கட்டர் உள்ள வண்டி கிளம்பும். எத்தனை பேர், காரா லாரியா, தண்ணீரிலா தரையிலா, பெட்ரோலா சி.என்.ஜி.யா எலக்ட்ரிக்கா. ஆற்றங்கரை என்றால் எந்த ஊர்ப் பாலத்துக்கும் எந்த மதகுக்கும் நடுவில் என்பதோடு, வடகரையா தென்கரையா என்றும் சொல்லுங்கள். எதிர்க்கரைக்கு வண்டி வந்து நின்றுவிட்டால், உங்களைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அடுத்த பாலத்தைச் சுற்றி வர வேண்டியிருக்கும்.