பெயர் இருக்கிறது, ஆள் எங்கே? லிங்கர் பிழையைப் படிக்கும் விதம்

நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் எல்லாக் கோப்புகளையும் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டது. எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு பவ்', அதாவது 'பவ்' என்ற பெயருக்கு உரியது கிடைக்கவில்லை என்று ஒரு வரி வந்து நிற்கிறது. உடனே நிரலைத் திருத்தக் கை போகும். பொறுங்கள், பெரும்பாலும் பிழை நிரலில் இருக்காது.

கம்பைலர் ஒரு நேரத்தில் ஒரு கோப்பைத்தான் பார்க்கும். அடுக்கைக் கணக்கிடும் 'பவ்' என்று ஒரு ஃபங்ஷன் உண்டு என, அறிவிப்புகள் அடங்கிய ஹெட்டர் கோப்பு சொன்னால் அதை நம்பி, அதன் முகவரியை மட்டும் காலியாக விட்டு ஆப்ஜெக்ட் கோப்பை எழுதிவிடும். என்னிடம் இருக்கும் பெயர்கள் இவை, எனக்கு வேண்டிய பெயர்கள் இவை என்று ஒவ்வொரு ஆப்ஜெக்ட் கோப்பிலும் ஒரு பட்டியல் உண்டு. அவற்றைப் பொருத்தி, காலியிடங்களை நிரப்புவதே லிங்கரின் வேலை.

லினக்ஸில் சி மொழியின் கணித ஃபங்ஷன்கள் 'லிப்எம்' என்ற தனி நூலகத்தில் இருக்கின்றன. ஜிசிசி என்ற கம்பைலர் அதைத் தானாகச் சேர்ப்பதில்லை. 'மைனஸ் எல்எம்' (-lm) என்று நாம்தான் சொல்ல வேண்டும். அதையும் கட்டளையின் கடைசியில் சொல்ல வேண்டும். பலரை மணிக்கணக்கில் அலைய வைப்பது இந்த வரிசைதான். குனு லிங்கர் இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டு போகும். ஸ்டாட்டிக் நூலகம் (நிரலுக்குள்ளேயே சேர்த்துவிடும் வகை) ஒன்று வந்தால், அதுவரை விடை கிடைக்காத பெயர்களுக்குத் தேவையான துண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ளும். நூலகத்தை முதலில் எழுதினால் அப்போது யாரும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள். லிங்கர் வெறுங்கையோடு கடந்துவிடும், திரும்பியும் வராது.

சரி, வரிசையும் சரி, ஃபங்ஷனும் கண்ணெதிரே இருக்கிறது, ஆனாலும் பிழை வருகிறது என்றால்? சி++ கலந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு முழு எண்களை வாங்கும் 'ஆட்' ஃபங்ஷனை சி++ கம்பைலர் அதே பெயரில் எழுதாது. ஒரே பெயரில் பல ஃபங்ஷன்கள் இருக்கலாம் என்பதால், வாங்கும் மதிப்புகளின் வகையையும் பெயருக்குள் சேர்த்துவிடும். சி கம்பைலரோ வெறும் 'ஆட்' என்றே வைத்திருக்கும். இரண்டும் சந்திக்காது. சி++ பக்கம் பார்க்கும் அறிவிப்பை 'எக்ஸ்டர்ன் சி' என்று குறித்தால் தீர்ந்தது.

இங்கே ஊகிக்கத் தேவையே இல்லை. 'என்எம்' என்ற கருவியில் ஆப்ஜெக்ட் கோப்பைக் கொடுத்தால் பெயர்களை அப்படியே காட்டும். பக்கத்தில் 'யு' இருந்தால் தேடும் பெயர், 'டி' (T) இருந்தால் உள்ளே இருக்கும் ஃபங்ஷன். என் வழக்கம், பிழை வந்ததும் முதலில் இதைத் திறப்பதுதான்.

'மல்டிபிள் டெஃபனிஷன்' என்ற பிழை, முதலில் பார்த்ததற்கு நேர்மாறு: ஒரே பெயருக்கு இரண்டு ஆள். 2020இல் வந்த ஜிசிசி 10க்குப் பிறகு, ஹெட்டரில் 'எக்ஸ்டர்ன்' (இது வேறிடத்தில் இருக்கிறது என்ற குறிப்பு) இல்லாமல் எழுதிய குளோபல் மாறிகளால் பழைய நிரல்கள் பலவற்றில் இது தலைகாட்டியது.

அப்புறம், நூலகத்தையே காணவில்லை என்று லிங்கர் சொன்னால், நிரல் எழுதுபவர்களுக்கான அதன் டெவலப்மென்ட் பேக்கேஜ் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரணப் பேக்கேஜில் பெரும்பாலும் பதிப்பு எண் ஒட்டிய கோப்பு மட்டுமே இருக்கும். லிங்கர் தேடுவது எண் இல்லாத பெயரை. லிங்க் முடிந்து, நிரலை ஓட்டும்போது நூலகம் இல்லை என்று வந்தால் அது லிங்கரின் பிழையே அல்ல, ஓடும் நிரலுக்கு நூலகங்களை ஏற்றித் தரும் லோடருடையது. நம்பகமான நிரல்தான் என்றால் அதை 'எல்டிடி' என்ற கருவியிடம் கொடுங்கள், எந்த நூலகம் கிடைக்கவில்லை என்று பெயரோடு சொல்லிவிடும்.