உறைதடம்: கான்டிரெயிலுக்கு ஒரு தமிழ்ச் சொல்லும் கெம்டிரெயில் என்ற சொல்லின் கதையும்

உயரத்தில் விமானம் கடந்துபோன பின் வானில் நீளும் வெள்ளைக் கோட்டைத் தமிழில் என்னவென்று எழுதுவது? 'விமானப் புகை' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பாதிக் குழப்பம் இந்தச் சொல்லிலேயே தொடங்குகிறது என்பது என் எண்ணம். புகை என்றதும் ஏதோ எரிந்து கழிந்தது, உடம்புக்கு ஆகாதது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. அடுத்து, 'அதில் என்ன கலக்கிறார்கள்?' என்ற கேள்வி தானாகவே வந்து நிற்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் அந்த வெண்மை பனிக்கட்டித் துகள்களின் வெண்மை.

ஆங்கிலத்தில் அதன் பெயர் கான்டிரெயில். 'கண்டன்சேஷன் டிரெயில்', அதாவது ஆவி துளியாகும் தடம், என்ற தொடரைச் சுருக்கியது. 1940-களில், போர்க்காலத்தில் வழக்குக்கு வந்தது. 'டிரெயில்' இழுத்துச் செல்வதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த சொல். 'கண்டன்சேஷன்' அடர்த்தியாதலைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் பிறந்தது. சுருக்கியபோது அடர்த்தியைச் சொல்லும் பகுதி உதிர்ந்துவிட்டது. 'கான்' என்ற முன்னொட்டு மட்டும் மிஞ்சியது. அதனால் ஆங்கிலம் பேசுபவருக்கும் இந்தச் சொல் தன் பொருளைத் தானாகச் சொல்வதில்லை.

சொல் பிறந்த காலம் கவனிக்கத்தக்கது. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவின் மேல் உயரப் பறந்த குண்டுவீச்சு விமானங்களை இந்தக் கோடுகள் தரையிலிருந்தவர்களுக்குக் காட்டிக்கொடுத்தன. கோடு எப்போது விழும், எப்போது விழாது என்று முன்கூட்டி அறிவது உயிர் காக்கும் அறிவாக இருந்தது. அதைக் கணிக்க ஜெர்மன் அறிவியலாளர் எர்ன்ஸ்ட் ஷ்மிட் 1941-லும் அமெரிக்க வானிலையாளர் ஹெர்பர்ட் ஆப்பிள்மன் 1953-லும் வகுத்த கணக்கை இன்றும் அவர்கள் இருவர் பெயராலேயே அழைக்கிறார்கள்.

நடப்பது இதுதான். ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் ஏறத்தாழ 1.25 கிலோ நீராவி உண்டாகும். எரிபொருளில் உள்ள ஹைட்ரஜன் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால்தான் எரித்ததைவிட எடை கூடிவிடுகிறது. எட்டு முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை பெரும்பாலும் −40 டிகிரி செல்சியசுக்கும் கீழே இருக்கும். சூடான ஈரக்காற்று அந்தக் குளிரில் கலந்ததும், நீராவி இயந்திரம் கக்கும் கரித்துகள்களைப் பற்றிக்கொண்டு துளியாகி நொடியில் உறைகிறது. கோடு இயந்திரத்தை ஒட்டித் தொடங்காமல் சற்றுத் தள்ளித் தொடங்குவது ஏன் என்பதும் இதிலிருந்து விளங்கும்: கலந்து குளிர்வதற்கு அந்தச் சிறு இடைவெளி வேண்டும்.

இனி கெம்டிரெயில். 'கெமிக்கல்' என்பதன் தலையை வெட்டி, கான்டிரெயிலின் வாலோடு ஒட்டி, 1990-களின் இறுதியில் அமெரிக்காவில் செய்த சொல் இது. வானிலையை ராணுவப் பயனுக்குக் கொண்டுவருவது பற்றி 1996-ல் அமெரிக்க விமானப்படைக்காக எழுதப்பட்ட ஓர் எதிர்காலக் கற்பனைக் கட்டுரையும், இரவு நேர வானொலி நிகழ்ச்சிகளும் இந்த நம்பிக்கைக்கு உரமிட்டன. விமானங்கள் ரகசியமாக ரசாயனம் தூவுகின்றன என்பதே கூற்று. நோக்கமாக ஒருவர் மழையைத் தடுப்பதைச் சொல்வார். இன்னொருவர் நோய் பரப்புவதைச் சொல்வார்.

அவர்கள் முதலில் காட்டும் சான்று, சில கோடுகள் உடனே மறைகின்றன, சில மணிக்கணக்கில் நிற்கின்றன என்பது. பார்த்தது உண்மைதான்; காரணம் வேறு. மேலே காற்று வறண்டிருந்தால் பனித்துகள் சில நொடிகளில் ஆவியாகிவிடும். ஈரம் மிகுந்திருந்தால் அது மேலும் நீராவியை ஈர்த்து வளர்ந்து பரவும். ஈரம் வானெங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. ஆகவே ஒரே கோடு நடுவில் அறுந்தும் தெரியலாம். கெம்டிரெயில் என்ற சொல் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே, போர்க்கால வானில் நெடுநேரம் நின்று மேகமாய்ப் பரந்த கோடுகளைப் படம் பிடித்திருக்கிறார்கள். மழைநீரில் அலுமினியம் கிடைத்தது என்பது அடுத்த சான்று. பூமியின் மேலோட்டில் எடைக்கணக்கில் சுமார் 8 சதவீதம் அலுமினியம். மண்தூசி பறக்கும் இடமெல்லாம் அது இருக்கும். விமானத்துக்குள் வரிசையாகப் பீப்பாய்கள் நிற்கும் படங்கள் பலரை அச்சுறுத்தியிருக்கின்றன. சோதனைப் பறப்பில் பயணிகளின் எடைக்கு ஈடாக வைக்கும் தண்ணீர்ப் பீப்பாய்கள் அவை. 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், வளிமண்டலத்தையும் மண்-நீர் வேதியியலையும் ஆராயும் 77 அறிஞர்களிடம் கேட்டார்கள். 76 பேர் ரகசியத் தூவலுக்கான சான்று எதையும் தாம் கண்டதில்லை என்றார்கள்.

இந்தச் சொல்லைத் தமிழாக்கும்போதுதான் எனக்குக் கவலை வருகிறது. 'வேதித்தடம்' என்றோ 'ரசாயனத் தடம்' என்றோ எழுதிவிட்டால், அப்படியொரு பொருள் உலகில் இருப்பதாக மொழியே சாட்சி சொல்லிவிடும். தமிழில் நல்ல சொல் கிடைத்ததும் கூற்று பொருளாகிவிடுகிறது. ஆகவே இதைக் கெம்டிரெயில் என்று ஒலிபெயர்த்து, பக்கத்தில் 'கூற்று' அல்லது 'நம்பிக்கை' என்று சேர்த்து எழுதுவதே நேர்மை. மேக விதைப்பையும் இதோடு குழப்பக்கூடாது. 1946 முதல் ஆய்ந்துவரும் முறை அது. மழை பெய்விக்க, ஏற்கெனவே திரண்ட மேகத்தில் வெள்ளி அயோடைடு போன்றவற்றைத் தூவுவார்கள். யார், எங்கே செய்கிறார்கள் என்பது வெளிப்படையாக அறிவிக்கப்படுவதும் உண்டு.

கான்டிரெயிலுக்கு மட்டும் தமிழ்ச் சொல் அவசியம் வேண்டும். 'ஆவித்தடம்' எனலாமா? நீராவி கண்ணுக்குத் தெரியாது. தெரியும்போது அது துளியாகவோ பனியாகவோ மாறிவிட்டது. 'தாரை' அழகான சொல், ஆனால் பீறிடும் ஓட்டத்துக்கும் அதையே பயன்படுத்துகிறோம். ஆவி துளியாவதை ஒடுக்கம் என்பதால் 'ஒடுக்கத் தடம்' அறிவியலுக்குப் பொருந்தினாலும் 'ஒடுக்கம்' பொது வாசகரை அடக்குமுறைப் பக்கம் இழுத்துச் செல்லும். நான் பரிந்துரைப்பது உறைதடம். உறைபனி போலவே இது வினைத்தொகை. உறைந்த தடம், உறைகின்ற தடம், உறையும் தடம் என முக்காலத்தையும் அடக்கிக்கொள்ளும். விமானம் போகப் போகப் பின்னால் உறைந்துகொண்டே வரும் ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் எது?

உறைதடம் தீங்கற்றது என்று நான் சொல்லவில்லை. கெம்டிரெயில் கூச்சலால் மறைந்துபோவது இந்த உண்மையான விவாதம்தான். பரவிய உறைதடம் பகலில் வெயிலைச் சற்றே திருப்பி அனுப்புகிறது. இரவும் பகலும் தரையின் வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. கூட்டிக் கழித்தால் பூமி சூடாகிறது. அந்தப் பங்கு விமானங்களின் கரியமில வாயுவுக்கு இணையாகவோ அதற்கு மேலாகவோ இருக்கலாம் என்று 2021-ல் வந்த ஒரு விரிவான மதிப்பீடு சொல்கிறது. துல்லியமான அளவில் ஐயம் இன்னும் பெரிது. 2001 செப்டம்பரில் அமெரிக்காவில் மூன்று நாள் விமானங்கள் நின்றபோது பகல்–இரவு வெப்பநிலை இடைவெளி ஒரு டிகிரிக்கு மேல் கூடியதாக ஓர் ஆய்வு சொன்னது. அது இயல்பான வானிலை மாற்றமாகவும் இருக்கலாம் என்று பிறகு வந்தவர்கள் மறுத்தார்கள். ஜப்பான் வான்பரப்பை ஆராய்ந்த 2020 ஆய்வில், வெறும் 2.2 சதவீத விமானங்களே உறைதட வெப்பத்தில் 80 சதவீதத்துக்குக் காரணமாக இருந்தன. அப்படியானால் ஈரமான அடுக்கைத் தவிர்த்து சிறிது மேலேயோ கீழேயோ பறந்தாலே பலன் கிடைக்கும்.

பரந்துவிட்ட உறைதடத்துக்குத் தனிப்பெயரும் தேவை. 2017-ல் உலக வானிலை அமைப்பு தன் மேகப் பட்டியலில், பத்து நிமிடமாவது நிலைத்து நிற்கும் கோட்டுக்கு 'மனிதரால் உண்டான கீற்று மேகம்' என்று பொருள்படும் லத்தீன் பெயரைச் சூட்டியது. தமிழில் மாந்தராக்கக் கீற்றுமேகம் எனலாம். பத்து நிமிடம் வரை உறைதடம். அதற்குப் பின்னும் கலையாமல் நின்றால் கீற்றுமேகம்.