கிளைதானே என்று விட்டுவிடாதீர்கள்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் பூக்கடை வைத்திருக்கிறேன், மண்டப அலங்காரமும் செய்கிறேன். மேசைச் சாடியில் முறுக்கிக்கொண்டு நிற்கும் கிளை வேண்டும் என்று இப்போது நிறைய பேர் கேட்கிறார்கள். எனக்கும் அது பிடிக்கும். நாலே நாலு ரோஜாதான் என்றாலும், நடுவில் வளைந்த கிளை ஒன்று நின்றால் சாடிக்கே ஓர் எடுப்பு வந்துவிடும். ஆனால் பூவைக் கவனிக்கிற மாதிரி நாம் கிளையைக் கவனிப்பதில்லை. எனக்குக் கவலையே அதில்தான்.

கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் கர்லி வில்லோ, வட சீனத்து மரம். பச்சைக் கிளையைத் தண்ணீரில் வைத்தால் இரண்டொரு வாரத்தில் வேர் விடும், தளிரும் வரும். அதைப் பார்த்த பிறகு யாருக்குத் தூக்கிப்போட மனம் வரும்? பூ வாடி நாற்றமடித்தால் அன்றைக்கே குப்பைக்குப் போய்விடுகிறது. கிளை மட்டும் மாதக்கணக்கில் வரவேற்பறையில் நிற்கிறது, அடியில் அதே தண்ணீரோடு. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேடி வருவது இப்படித் தேங்கிய தெளிந்த நீரைத்தான்.

நம் ஊர் வெயிலுக்கு முட்டை கொசுவாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். நிறைய பேர் தண்ணீரை மாற்றுகிறார்கள், ஆனால் சாடியைத் தேய்ப்பதில்லை. ஏடிஸ் முட்டையிடுவது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உட்சுவரில். அந்த முட்டை காய்ந்து கிடந்தாலும் பல மாதம் தாங்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால் வாரம் ஒருமுறை நீரைக் கொட்டி, உட்பக்கத்தைப் பிரஷ் போட்டுத் தேயுங்கள். கிளையின் நனைந்த பகுதியையும் வேரையும் குழாயடியில் கழுவுங்கள். 2019இல் மலேசியாவில் 1,30,000 பேருக்கு மேல் டெங்கி கண்டது, 182 பேர் இறந்தார்கள். வீட்டுக்குள் இருக்கும் பூச்சாடிக்கும் அதில் பங்கு உண்டு.

என்னைக் கேட்டால் காய்ந்த கிளைதான் நல்லது. சாடியில் மணலோ கூழாங்கல்லோ போட்டு நட்டுவிடலாம், தண்ணீரே வேண்டாம்.

"தோட்டத்துலயே கெடக்குதே அக்கா, ஏன் காசு குடுத்து வாங்கணும்?" என்று கேட்பவர்கள் உண்டு. சரிதான். பழைய கொய்யா மரத்துக் கிளை வழவழப்பாக, நல்ல வளைவோடு கிடைக்கும். வெயிலில் நன்றாகக் காயவைத்தால் வண்டு, எறும்புத் தொல்லையும் குறையும். முருங்கை வேண்டாம், தொட்டால் படக்கென்று ஒடியும். ஆனால் ஆற்றோரத்திலும் காட்டோரத்திலும் பெயர் தெரியாத மரத்தில் கத்தி வைக்காதீர்கள். அங்கே ரெங்காஸ் இருக்கலாம். அதன் பால் காற்றுப்பட்டால் கறுத்துவிடும். தோலில் பட்டால் அரிப்பெடுத்து, வீங்கி, கொப்புளம் கிளம்பும். முந்திரிக் குடும்பத்து மரம் அது. வெட்டிய இடத்தில் கறுப்புக் கறை தெரிந்தால் அப்படியே விட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பால்மரக் (ரப்பர் மரக்) கிளையும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ரப்பர் கையுறை போட்டால் அரிக்கிறவர்கள் அதைத் தொட வேண்டாம்.

அரளியைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். பூ, இலை, குச்சி எல்லாமே விஷம், இதயத்தைத் தாக்கக்கூடியது. அரளி நின்ற தண்ணீரும் ஆகாது. தவழும் பிள்ளையோ பூனையோ இருக்கும் வீட்டுச் சாடியில் அதை வைக்கவே வைக்காதீர்கள்.

தீபாவளிக்குக் கிளையில் சின்ன விளக்குச் சரம் சுற்றுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எல்.இ.டி. சரமாக வாங்குங்கள், அவ்வளவாகச் சூடாகாது. காய்ந்த கிளை சட்டென்று தீப்பிடிக்கும், குத்துவிளக்குப் பக்கத்தில் வேண்டாம். அப்புறம், சாப்பாட்டு மேசையில் வைப்பதாக இருந்தால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். கண்ணுக்கு நேராக நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை அங்கேயே நறுக்கிவிடுங்கள்.