ராணி இல்லாத கூட்டில் யார் முட்டையிடுவது?

கடலூர், புதுச்சேரி பக்கத்துச் செம்மண் நிலத்தில், முந்திரித் தோப்பு ஓரங்களில், சுமார் 1 செ.மீ. நீளமுள்ள கறுப்பு எறும்பு தனியாக இரை தேடித் திரியும். உடம்பெல்லாம் விரல்ரேகை போல வரிகள். கூட்டு வாசலில் இறகுத் துண்டும் சருகும் செருகியிருக்கும். ஊர் வழக்கில் இதுவும் கட்டெறும்புதான். அறிவியல் பெயர் டயகாமா. இந்த எறும்பில் ராணி என்று தனிப் பிறவியே கிடையாது.

கூட்டில் உள்ள எல்லோரும் வேலைக்காரிகள், எல்லோருக்கும் சூலகம் உண்டு. கூட்டுப்புழுவிலிருந்து வெளிவரும் ஒவ்வொருத்தியின் மார்பிலும் இறக்கையின் மிச்சமாக இரண்டு சிறு மொட்டுகள் இருக்கும். மொட்டோடு இருக்கும் தலைவி, புதிதாக வருகிறவளின் மொட்டுகளைக் கடித்துத் துண்டித்துவிடுவாள். மொட்டு போனவள் அடங்கிப்போவாள், ஆணோடு இணைசேர மாட்டாள்.

அத்தோடு முடிந்துவிடவில்லை. இணைசேராதவளும் முட்டையிடலாம், அந்த முட்டை ஆணாகப் பொரியும். இதைத் தடுப்பது தொடுகைதான். தலைவியின் மேல்தோலில் எளிதில் ஆவியாகாத ஹைட்ரோகார்பன் மெழுகு படிந்திருக்கிறது. அது காற்றில் பரவாது. உணர்கொம்பால் தொட்டால்தான் தெரியும். ஜப்பானிய டயகாமாவில் தலைவிக்கும் மற்றவர்களுக்கும் இடையே இரட்டைக் கம்பிவலை வைத்துப் பார்த்தார்கள். காற்று போய்வந்தது, தொடுகை மட்டும் இல்லை. மறுபுறம் இருந்தவர்களின் சூலகம் வளர்ந்துவிட்டது. தலைவியைத் தொடாமல் 3 முதல் 6 மணி நேரம் கழிந்தாலே வேலைக்காரிகள் ஒருத்தியை ஒருத்தி அதட்ட ஆரம்பிக்கிறார்கள்.

அதனால் தலைவி கூட்டுக்குள் ஓயாமல் சுற்றிவர வேண்டியிருக்கிறது. இருபது பேர் கூட்டில் இது எளிது. நூறு, இருநூறு என்று பெருகினால் அவள் அதிக நேரம் நடக்கிறாள், அப்படியும் எல்லோரையும் எட்ட முடிவதில்லை. அந்த இடைவெளியில் யாராவது முட்டையிடத் தயாரானால் சக வேலைக்காரிகளே அவளைப் பிடித்து அடக்குகிறார்கள். இட்ட முட்டையைத் தின்றுவிடுவதும் உண்டு. ஒற்றைத் தலைவியின் தொடுகைக்கு எல்லை உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எறும்பு அரிது.

தலைவி செத்தால், அடுத்து வெளிவருகிறவள் மொட்டைக் காப்பாற்றிக்கொள்வாள். வாசலருகே நின்று, வேறு கூட்டிலிருந்து பறந்துவரும் ஆணோடு இணைந்து தலைவியாவாள். பெண்ணாக வளரும் முட்டை, புழு, கூட்டுப்புழு ஒன்றுகூட மிஞ்சாத கூட்டில் இனி ஆண்கள்தான் பிறக்கும். வேலைக்காரிகள் ஒவ்வொருத்தியாகக் குறைந்து கூடு அழியும். ஆய்வுக்காகக் கூட்டைத் தோண்டி இரண்டாகப் பிரிக்கும் மாணவர்கள், தலைவி இல்லாத பாதி அழியாமல் தொடர வேண்டுமென்றால் அதிலும் சில பெண் கூட்டுப்புழுக்களை வைப்பது அவசியம்.